ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு கோடு: மருத்துவ விஞ்ஞானி எந்த ரெசிடென்சியை மேலே போடுவது?

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அக்கா, ஒரே ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கோடு இருக்கு. ஒண்ணு பிஎஸ்டிபி, இன்னொண்ணு சாதா மூணு வருஷம். ரேங்க் லிஸ்ட்ல எதை மேல போடறது?"

கேட்டவள் அமெரிக்காவில் எம்.டி.-பிஎச்.டி. இரட்டைப் படிப்பின் எட்டாவது வருஷத்தில் இருக்கிறாள். (அங்கே எம்.டி. என்பது நம் எம்பிபிஎஸ் போன்ற முதல் மருத்துவப் பட்டம். அதற்குப் பின் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சிதான் ரெசிடென்சி.) சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் லேபில் வேலை பார்த்தவள். நேர்முகங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மார்ச் தொடக்கத்துக்குள், எந்த இடம் முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திய பட்டியலைப் பூட்ட வேண்டும். கோடு என்பது அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பயிற்சித் திட்டத்துக்கும் உள்ள குறியீட்டு எண். ஒவ்வொரு வருஷமும் இந்தச் சமயத்தில் இதே கேள்வி யாரிடமிருந்தாவது வரும். இந்த முறை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசுவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் பிஎஸ்டிபி என்ற சிறப்புப் பாதையில் போனவள். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) இரண்டு வருஷம், இதயவியல் இரண்டு வருஷம், லேப் மூன்று வருஷம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். பலரை நான் எதிர்ப்பக்கம்தான் அனுப்பியிருக்கிறேன்.

## முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம்

பிஎஸ்டிபி என்பது மருத்துவ விஞ்ஞானிகளுக்கான பயிற்சித் திட்டம். வார்டு வேலையையும் ஆராய்ச்சியையும் ஒரே ஒப்பந்தமாகக் கோத்துத் தருவார்கள். பல பெரிய மருத்துவமனைகளில் இதற்குத் தனிக் கோடு உண்டு. அதே மருத்துவமனையின் சாதாரண ரெசிடென்சிக்கு வேறு கோடு.

"பிஎஸ்டிபியை மேலே போட்டு அது கிடைக்காமல் போனால், சாதாரண இடமும் கைநழுவிவிடுமா?" என்று பயப்படுகிறார்கள். நழுவாது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பின் கணக்குமுறை 1998இலிருந்து விண்ணப்பிப்பவரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், இரண்டாவதை முதலாவதாகவே போட்டிருந்தால் என்ன வாய்ப்பு இருந்திருக்குமோ அதே வாய்ப்போடு இரண்டாவதுக்கு வருவீர்கள். இதை வடிவமைத்த ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதே வருஷம் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், இதயவியல் படித்துவிட்டு லேபுக்குள் போன மருத்துவர். நமக்குத் தொடர்புடைய இரண்டு நோபல் ஒரே வருஷத்தில்.

ஆக, தந்திரம் எதுவும் வேண்டாம். உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். எது வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

## எதை வைத்து அளப்பது

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். 'ஸ்காலர்', 'இன்வெஸ்டிகேட்டர்', 'பாத்வே' என்று ஒவ்வோர் ஊரும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது நேரம். மொத்தம் எத்தனை மாதம் என்பதோடு, எத்தனை மாதம் துண்டாகாமல் கிடைக்கும் என்பதும் முக்கியம். இங்கே நான்கு வாரம், அங்கே ஆறு வாரம் என்று கிடைக்கும் ஆராய்ச்சி எலெக்டிவில் பழைய தரவை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். ஒரு எலி வரிசையை வளர்த்தெடுக்க முடியாது.

இரண்டாவது பணம். லேபில் இருக்கும் வருஷங்களில் உங்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? பலர் கேட்க மறந்துபோவது இதைத்தான். என்னைப் பொறுத்தவரை ஐந்திலும் பெரியது இதுவே. காரணம் எளிது. உங்கள் சம்பளத்தை ஆஸ்பத்திரி கொடுத்தால், ஆஸ்பத்திரிக்கு ஆள் குறையும்போது உங்களைக் கூப்பிடும். ஆராய்ச்சி மானியம் கொடுத்தால், அந்த நேரத்தைத் தொட மானிய விதியே எளிதில் விடாது.

மூன்றாவது மென்டர், அதாவது ஆராய்ச்சி வழிகாட்டி. ஒருவராவது போதும், ஆனால் அவர் இன்னும் ஐந்து வருஷத்துக்கு அந்த ஊரிலேயே இருப்பாரா? நான்காவது, நோயாளியிடம் உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கும். ஐந்தாவது, நடுவில் மனசு மாறினால் வெளியே வரக் கதவு இருக்கிறதா, அதற்கு என்ன விலை.

விசாவில் இருப்பவர்களுக்கு ஆறாவதாக ஒன்று உண்டு. அது மற்ற ஐந்தையும் விழுங்கிவிடும் என்பதால் அதற்குத் தனியாக வருகிறேன்.

## அந்த 12 மாதக் கணக்கு

பிஎஸ்டிபி என்றால் வருஷக்கணக்கில் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இதயவியலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

இன்டர்னல் மெடிசின் சான்றளிக்கும் வாரியமான ஏபிஐஎம் ஓர் 'ஆராய்ச்சிப் பாதை' வைத்திருக்கிறது. பெரும்பாலான பிஎஸ்டிபிக்கள் இதன் மேல்தான் கட்டப்பட்டவை. 24 மாதம் மெடிசின், 24 மாதம் இதயவியல் கிளினிக்கல், 36 மாதம் ஆராய்ச்சி. அந்த 36 மாதத்தில் குறைந்தது 80 சதவீத நேரம் ஆராய்ச்சிக்கே. மொத்தம் 84 மாதம், ஏழு வருஷம். இதற்கு பிஎச்.டி. கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டாயம் கிடையாது, நல்ல ஆராய்ச்சிப் பின்னணி உள்ள எம்.டி.யும் போகலாம்.

வழக்கமான பாதையில் மெடிசின் 36 மாதம், இதயவியல் ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) 36 மாதம். அந்த இரண்டாவது 36இல் கிளினிக்கல் 24 போக ஆராய்ச்சிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12. ஆக ஆறு வருஷம். ஆனால் ஆராய்ச்சி 36 மாதம் ஆக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் சேர்க்க வேண்டும். எட்டு வருஷம்.

எட்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் எங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது? மெடிசின் ரெசிடென்சியின் மூன்றாவது வருஷத்திலிருந்து. அதாவது, நீங்கள் சீனியராக இருந்து டீமை நடத்தும் வருஷம். ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியுவில் முதல் வருஷ ரெசிடென்டான இன்டர்ன் திரும்பிப் பார்க்கும்போது அங்கே நிற்பவர் நீங்கள்தான் என்கிற அந்த வருஷம்.

பேரம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டால் சரி.

| அளவுகோல் | பிஎஸ்டிபி | மூன்று வருஷ ரெசிடென்சி, பிறகு ஆராய்ச்சி ஃபெலோஷிப் | உள்ளே போன பிறகு மாறுவது |
|---|---|---|---|
| ஆராய்ச்சி நேரம் | 36 மாதம், தொடக்கத்திலேயே எழுத்தில் | ஃபெலோஷிப்பைப் பொறுத்து. பேரம் பேசி வாங்க வேண்டும் | பிஎஸ்டிபி அளவே, ஆனால் நீங்களே கட்டி எழுப்ப வேண்டும் |
| லேப் வருஷச் சம்பளம் | டி32 (அரசின் பயிற்சி மானியம்), துறைப் பணம், அல்லது இரண்டும் | பெரும்பாலும் டி32 | ஆர்38 (ரெசிடென்சிக்கு நடுவே லேபுக்கான மானியம்), டி32, அதிர்ஷ்டம் |
| ஃபெலோஷிப் இடம் | பல இடங்களில் முன்பே உறுதி | மூன்றாம் வருஷத்தில் தனி மேட்ச் | ஒரு வருஷம் முன்னதாக விண்ணப்பம் |
| வார்டு அனுபவம் | மெடிசின் 24 மாதம் | முழு 36 மாதம் | 24 மாதம் (ஆர்38 என்றால் 36) |
| மனம் மாறினால் | விட்ட வருஷத்தைத் திரும்பச் செய்ய வேண்டும் | சுலபம் | முதல் வருஷத்துக்குள் என்றால் சுலபம் |
| யாருக்கு | துறையும் கேள்வியும் முடிவானவருக்கு | துறை முடிவாகாதவருக்கு | அந்த ஊரிலேயே பிஎச்.டி. செய்தவருக்கு |

## பிஎஸ்டிபி: முன்பே எழுதி வாங்குவது

இதன் பெரிய பலம், உங்களுக்காகக் கவலைப்பட ஓர் அலுவலகம் இருப்பது. தனி இயக்குநர் இருப்பார். மென்டரைத் தேட உதவுவார்கள். முதல் மானிய விண்ணப்பத்தை நாலு பேர் படித்துக் கிழிப்பார்கள். ஃபெலோஷிப்புக்கு மறுபடி ஊர் ஊராக நேர்முகம் போக வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் இதை டிரான்ஸ்லேஷனல் இன்வெஸ்டிகேட்டர் புரோகிராம் என்கிறார்கள். வாஷிங்டன் யுனிவர்சிட்டி, யூடி சவுத்வெஸ்டர்ன் போன்ற இடங்களிலும் இப்படித் திட்டங்கள் உண்டு.

யூடி சவுத்வெஸ்டர்ன் என்றதும் ஒரு கதை. ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும் மைக்கேல் பிரவுனும் 1966இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்களாகச் சந்தித்தவர்கள். இரண்டு வருஷம் அங்கே. பிறகு இருவரும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச். அப்புறம் டல்லாஸ். ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை செல்லுக்குள் இழுக்கும் எல்டிஎல் ரிசப்டரைக் கண்டுபிடித்தார்கள், 1985 நோபல். வியட்நாம் போர்க்காலத்தில் மருத்துவர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி இருந்தது, என்ஐஎச்சில் சேர்ந்தால் அதற்கு ஈடாகும். லெஃப்கோவிட்ஸும் அப்படிப் போனவர்தான். போர் அறியாமல் செய்த நன்மை என்னவென்றால், நல்ல மருத்துவர்களைச் சின்ன வயதிலேயே இரண்டு மூன்று வருஷம் லேபில் பூட்டி வைத்தது. 1973இல் கட்டாயச் சேர்ப்பு நின்றது. 1979இலேயே ஜேம்ஸ் வின்கார்டன் என்பவர், கிளினிக்கல் ஆராய்ச்சியாளர் அழிந்துவரும் இனம் என்று எழுதிவிட்டார். அன்று சட்டம் செய்ததை இன்று பிஎஸ்டிபி ஒப்பந்தம் போட்டுச் செய்கிறது.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

துறையை 29 வயதில், வார்டில் ஒரு நாள்கூட டாக்டராக நிற்காத நிலையில் சொல்ல வேண்டும். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் குடல்-கல்லீரல் துறைக்கு என்று வந்தார். இரண்டாவது மாதம் புற்றுநோய் வார்டில் போட்டார்கள். அதற்கப்புறம் அவருக்கு எண்டோஸ்கோப்பியைக் கண்டாலே சலிப்பு. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எட்டு மாதம் மின்னஞ்சல் போக்குவரத்து. எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிளினிக்கல் டாக்டராகவே இருக்கலாம் என்று ஐந்தாவது வருஷத்தில் தோன்றினால், விட்ட அந்த மூன்றாம் வருஷ மெடிசின் வந்து வாசலில் நிற்கும். சாதாரண வழியில் போர்டு சான்றிதழுக்கு 36 மாதம் வேண்டும், உங்களிடம் இருப்பது 24. 35 வயதில், வீட்டில் குழந்தையோடு, மறுபடி ரெசிடென்டாக ராத்திரி ஷிஃப்ட்.

கை பழக்கம் பற்றி என் சொந்த அனுபவம். 2019 ஜூனில் வார்டை விட்டு லேபுக்குப் போனேன். சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் அப்போது எனக்கு சர்க்கரை மாத்திரை மட்டும்தான். அதே வருஷம் அது இதயச் செயலிழப்பில் வேலை செய்கிறது என்று பெரிய ஆய்வு வந்தது, 2020 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதித்தது. படித்தேன், தெரியும். ஆனால் 2022இல் அட்டெண்டிங்காக, அதாவது வார்டுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவராக, முதல் இரண்டு வாரம் வார்டுக்குத் திரும்பியபோது, சர்க்கரையே இல்லாத நோயாளிக்கு இன்டர்ன் அதை எழுதி வைத்திருந்ததைப் பார்த்து என் கை ஒரு நொடி நின்றது. அவனுக்கு அது பழகிப்போன மருந்து. எனக்குப் படித்த மருந்து. அந்த ஒரு நொடியைத்தான் 24 மாத மெடிசினின் விலை என்று நான் நினைக்கிறேன். அதைக் கொடுக்கலாம். கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

80 சதவீதம் என்பதும் வாரத்துக்கு நாலு நாள் நிம்மதி என்று அர்த்தமில்லை. எனக்கு செவ்வாய் மதியம் கிளினிக். திங்கள் சாயங்காலம் ஸ்லைடுகளை ஆன்டிபாடியில் நனைத்து 4 டிகிரி அறையில் வைத்துவிட்டுப் போனால், செவ்வாய் காலை கழுவி முடித்து ஒரு மணிக்குள் ஓட வேண்டும். கிளினிக் அரை நாளில் முடிந்துவிடும். அங்கே பார்த்தவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவும், மருந்து தீர்ந்துவிட்டது என்ற செய்தியும் புதன், வியாழன், வெள்ளி என்று வந்துகொண்டே இருக்கும்.

இருந்தாலும், கேள்வியும் துறையும் மனசில் தெளிவாக இருப்பவருக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை. குறிப்பாக பிஎச்.டி.யில் செய்த துறையிலேயே ஃபெலோஷிப்பும் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## வழக்கமான மூன்று வருஷம், பிறகு ஆராய்ச்சி ஃபெலோஷிப்

இதைத் தோற்றவர்களின் பாதை போலப் பேசுவது எம்.டி.-பிஎச்.டி. மாணவர்களிடையே ஒரு வியாதி. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மருத்துவ விஞ்ஞானிகள் இருவர் இந்த வழியாக வந்தவர்கள்.

இதில் ஒரு பெரிய லாபம் ஊர் மாறலாம் என்பது. ரெசிடென்சிக்கு ஓர் ஊர், ஃபெலோஷிப்புக்கு உங்கள் கேள்விக்கு ஏற்ற லேப் எங்கே இருக்கிறதோ அந்த ஊர். 29 வயதில் உங்களுக்குப் பிடித்த கேள்வி 32 வயதில் பழசாகியிருக்கலாம். அப்போது ஏழு வருஷ ஒப்பந்தம் கையைக் கட்டாது. மூன்று வருஷமும் முழுதாக வார்டில் இருந்தவருக்கு இன்னொன்று கிடைக்கும்: நோயாளியிடமிருந்து வரும் கேள்வி. 'இந்த மருந்து இவருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?' என்பது லேபில் உட்கார்ந்து தோன்றாது.

செலவு என்ன? நீங்கள் பிஎச்.டி. முடித்து, மருத்துவக் கல்லூரியின் கடைசி இரண்டு வருஷம் போய், மேலும் மூன்று வருஷம் ரெசிடென்சி. லேபை விட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த இடைவெளியில் தொழில்நுட்பம் நிற்காது. நீங்கள் கற்ற முறையை இப்போது யாரும் செய்வதில்லை என்று தெரியவரும். இரண்டாவது, ஆசை ஆறிவிடும் அபாயம். மூன்றாம் வருஷக் கடைசியில் கிளினிக்கல் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கடிதம் வரத் தொடங்கும். கல்விக் கடனோடு இருப்பவருக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவது லேசான காரியமில்லை.

ஃபெலோஷிப் நேர்முகத்தில் "ஆராய்ச்சிக்கு நிறைய நேரம் தருவோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை டி32 இடம், இந்த வருஷம் அதில் எத்தனை காலி, கிடைக்காவிட்டால் என்ன என்று கேளுங்கள். பதிலில் எண் வந்தால் நல்லது.

## உள்ளே போய் மாறுவது

சாதாரணக் கோடில் சேர்ந்து, முதல் வருஷத்திலேயே "நான் ஆராய்ச்சிப் பாதைக்கு மாறுகிறேன்" என்று சொல்லிவிடுவது மூன்றாவது வழி. இயக்குநர் ஒத்துழைத்தால் நடக்கும். இரண்டு வருஷத்தில் மெடிசினை முடித்து ஃபெலோஷிப்புக்குத் தாவலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முன்னதாக, அதாவது இன்டர்ன் வருஷம் முடிந்த கையோடு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்டர்ன் வருஷத்தில் சாப்பிடவே நேரமில்லை. அதில் மென்டரைத் தேடி, பரிந்துரைக் கடிதம் வாங்கி, கட்டுரை எழுதுவது எப்படி? ஏற்கெனவே அந்த ஊரில் பிஎச்.டி. செய்தவருக்கு முடியும். புது ஊரில் புது ஆளுக்குச் சிரமம்.

இன்னொரு கிளை, ரெசிடென்சிக்கு நடுவிலேயே ஒன்று அல்லது இரண்டு வருஷம் எடுத்து லேபில் உட்காருவது. இதற்கு என்ஐஎச் ஆர்38 என்ற மானியம் சில மருத்துவமனைகளுக்குத் தருகிறது. அந்தக் காலத்தில் 80 சதவீதம் ஆராய்ச்சி. மொத்தப் பயிற்சி நீளும், ஆனால் மெடிசின் மூன்று வருஷமும் முழுதாக இருக்கும். எம்.டி. மட்டும் முடித்து, ஆராய்ச்சி நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க விரும்புபவருக்கு இது நல்ல சோதனை. பிஎச்.டி. முடித்தவருக்கு இந்தச் சோதனை தேவைப்படாது.

## மெடிசின் இல்லாத மற்ற துறைகள்

நோய்க்குறியியலில் திசுப் பக்கம் மட்டும், அல்லது பரிசோதனைக்கூடப் பக்கம் மட்டும் எடுத்தால் மூன்று வருஷம். இரண்டும் சேர்த்தால் நான்கு. லேபே வாழ்க்கை என்பவர்கள் ஒன்றை மட்டும் எடுக்கிறார்கள். மருத்துவ விஞ்ஞானிக்கு இதைவிடக் குறுகிய பாதை அரிது. குழந்தை மருத்துவத்தில் இரண்டு வழி: மூன்று வருஷத்துக்குள்ளேயே 11 மாதம் வரை ஆராய்ச்சி, அல்லது இரண்டு வருஷத்தில் முடித்து நீண்ட ஃபெலோஷிப். கதிரியக்கத் துறைகளில் ஹோல்மன் பாதை என்ற ஆராய்ச்சி வழி. தோல் மருத்துவத்தில் 2+2, அதாவது இரண்டு வருஷம் கிளினிக்கல், இரண்டு வருஷம் ஆராய்ச்சி. அறுவை சிகிச்சையில் ஐந்து வருஷத்துக்கு நடுவே இரண்டு வருஷம் லேபுக்குப் போய்வருவது பல பெரிய இடங்களில் வழக்கம். ஆனால் கத்தி பிடிக்கும் கை இரண்டு வருஷம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் துறையினர்தான் சொல்ல வேண்டும்.

## பணம், கொஞ்சம் விரிவாக

டி32 என்பது என்ஐஎச் நிறுவனங்களுக்குத் தரும் பயிற்சி மானியம். ஆராய்ச்சி நேரத்துக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் அதன் உதவித்தொகை குறைவு. 2024இல் தொடக்க நிலை வருஷத்துக்கு 61,008 டாலர். உங்கள் அனுபவ வருஷத்துக்கு ஏற்ப ஏறும். உங்கள் ரெசிடென்ட் சம்பளத்துக்கு ஈடாக மீதியைத் துறை போடுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு அடிவிழுந்தது வேறு இடத்தில். டி32இல் வருபவர் நிறுவனத்தின் ஊழியராகக் கணக்கில் வரமாட்டார். அந்தத் தொகையில் வரி பிடிக்கமாட்டார்கள், நாமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கணக்குப் போட்டபோது மொத்தமாக வந்து நின்றது. 2020இல் கொரோனாவால் வரிக்கெடு ஜூலை 15க்குத் தள்ளிப்போனதால் மூச்சுவிட்டேன். ஓய்வூதியக் கணக்கில் நிறுவனம் போடும் பங்கும் அந்தக் காலத்தில் நின்றுவிடலாம். கல்விக்கடனைப் பத்து வருஷப் பொதுச் சேவையில் தள்ளுபடி செய்யும் திட்டத்தில் இருப்பவர்கள், டி32 மாதங்கள் கணக்கில் வருமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் வராது. இதற்கு மாற்றாக என்ஐஎச்சே கடனடைப்புத் திட்டம் வைத்திருக்கிறது, வருஷத்துக்கு 50,000 டாலர் வரை.

இதற்கெல்லாம் மேல் 2025 ஒரு பாடம். என்ஐஎச் மானியங்கள் பல இடையில் நிறுத்தப்பட்டன. மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம்) 15 சதவீதம்தான் என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. அதனால் இப்போது நான் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன்: டி32 புதுப்பிக்கப்படாவிட்டால் என் ஐந்தாவது வருஷத்தை யார் தாங்குவார்கள்?

## விசாவில் இருப்பவர்களுக்கு

சென்னையிலோ வேலூரிலோ எம்பிபிஎஸ் முடித்து, இங்கே லேபில் சில வருஷம் வேலை பார்த்து, நல்ல கட்டுரைகளோடு மேட்சுக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது.

டி32, அதற்குப் பின் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு என்ஐஎச் தரும் கே08, கே23 மானியங்கள் எல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். ஆக, பிஎஸ்டிபி உங்களை எடுத்தாலும், லேப் வருஷச் சம்பளம் துறையின் சொந்தப் பணத்திலிருந்தோ மென்டரின் மானியத்திலிருந்தோ வர வேண்டும். அதே வரிசையில் கே99 மானியம் மட்டும் விசாக்காரர்களுக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் ஃபெலோஷிப்புக்கும் பல விசாக்களில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம்.

ஜே-1 மருத்துவர் விசாவுக்கு ஏழு வருஷ உச்சவரம்பு. இதயவியல் ஆராய்ச்சிப் பாதையும் சரியாக ஏழு. ஒரு மாதம் வழுக்கினாலும் இடமில்லை. முடிந்ததும் இரண்டு வருஷம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். எல்லோரும் போகும் கான்ராட் 30 விலக்கு, மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்று வருஷம் முழுநேரம் நோயாளி பார்க்கச் சொல்கிறது. லேபோடு அது ஒத்துப்போகாது. ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையான எச்எச்எஸ் தரும் விலக்கு தனியாக உண்டு, வாசல் குறுகல். ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள், 2008இலிருந்து மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு ஃபெலோஷிப் தரும் இந்தியா அலையன்ஸையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

எச்-1பியில் ஆறு வருஷம்தான், கிரீன் கார்டு மனு அங்கீகாரமானால் நீட்டிக்கலாம். சேருமுன் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிப் பகுதியான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு எச்-1பி தரும் இடங்கள் யோசிக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நிலவரம் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் நான் பெரும்பாலும் வழக்கமான மூன்று வருஷத்தையே சொல்வேன். அந்த மூன்று வருஷத்தில் கட்டுரைகளை வைத்து கிரீன் கார்டு மனுவைத் தொடங்கலாம், பிறகு ஃபெலோஷிப்பில் எந்தப் பணம் உங்களுக்குத் திறக்கும் என்று பார்க்கலாம். துறையின் சொந்தப் பணம் என்று எழுத்தில் தரும் பிஎஸ்டிபி கிடைத்தால் மட்டும் இந்த அறிவுரையை மறந்துவிடுங்கள்.

## நேர்முகத்தில் கேட்க வேண்டியது

இயக்குநரிடம் கேட்பதைவிட நாலாவது ஐந்தாவது வருஷத்தில் இருப்பவர்களிடம் தனியாகக் கேளுங்கள். பிஎஸ்டிபி நேர்முகம் பெரும்பாலும் நீளம், ஆராய்ச்சியாளர்களோடு தனிச் சந்திப்புகள் இருக்கும். அதில் உங்கள் ஆராய்ச்சியைப் பேசியே நேரம் போய்விடும். பத்து நிமிஷமாவது மிச்சம் பிடியுங்கள்.

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஏழு வருஷம் முடித்தார்கள்? முடித்தவர்கள் இப்போது எங்கே? கே மானியம் வாங்கினார்களா? கே08 வந்தால் 75 சதவீத நேரம் பாதுகாப்பு, ஆனால் அது தரும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. மீதியைத் துறை போடுகிறதா? 2020 மார்ச்சில் லேப்களை மூடி எங்களில் பலரை வார்டுக்கு அழைத்தார்கள். அது சரிதான், நானும் போனேன். அப்படிப் போன மாதங்களை அங்கே திருப்பிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

மென்டர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால்? என் நண்பர் ஒருவருக்கு இது நாலாவது வருஷத்தில் நடந்தது. உறைபனிப் பெட்டியில் இருந்த மாதிரிகள் மென்டரோடு லாரியில் போயின. ஃபெலோஷிப் ஒப்பந்தம் இவரோடு இங்கேயே நின்றது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டாவது மென்டர் ஒருவரையாவது பெயரோடு சொல்ல முடியாவிட்டால், அந்த பிஎஸ்டிபியைக் கீழே இறக்கலாம்.

சரி, போன் செய்த பெண்ணுக்கு வருவோம். அவள் பட்டியலில் இரண்டு கோடு உள்ள ஆஸ்பத்திரிகள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன்: 'ஐந்தாவது வருஷத்தில் என் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?' ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஓர் ஊரிலிருந்து டி32 பெயர், அது எந்த வருஷம் முடிகிறது, முடிந்தால் துறை எவ்வளவு போடும் என்று அரைப்பக்கம். இன்னோர் ஊரிலிருந்து, "கவலைப்படாதீர்கள், இதுவரை யாரும் கைவிடப்பட்டதில்லை" என்று ஒரு வரி. முதல் ஊரில் பிஎஸ்டிபியை மேலே போட்டாள், இரண்டாவது ஊரில் சாதா கோடை. பட்டியலைச் சர்ட்டிஃபை செய்துவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் வந்தபோது மணி ராத்திரி பதினொன்றரை.